கையில் ஒட்டும் சுகர் சென்சார், 14 நாள்: அப்பா அம்மா இருவருக்கும் சுகர் உள்ள ஒருத்தியின் அனுபவம்

எங்கள் வீட்டில் சுகர் இல்லாதவர்களை எண்ணினால் ஒரு கை விரல்கள் போதும். அப்பாவுக்கு 44 வயதில் வந்தது, அம்மாவுக்கு 47ல், பெரியப்பாவுக்கு அதற்கும் முன்பே. அத்தைக்குக் கால் விரல் ஒன்றை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அப்பா 59 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது: "நம்ம ரத்தத்துலயே இருக்கு, வர்றப்ப வரட்டும்." கல்யாண வீட்டில் மூன்றாவது ஜாங்கிரி எடுக்கும்போதும் இதையே சொல்வார்கள், ரிப்போர்ட்டைப் பிரிக்கும்போதும் இதையே சொல்வார்கள்.

எனக்கு 42 வயது. இரண்டாவது முறை கர்ப்பமாக இருந்தபோது சுகர் வந்து, குழந்தை பிறந்ததும் நார்மலாகிவிட்டது. கர்ப்பத்தில் சுகர் வந்தவர்கள் அதற்குப் பிறகும் விடாமல் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று அப்போதே சொல்லி அனுப்பினார்கள், நான்தான் குழந்தை, வேலை, வீடு என்று ஆறேழு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. போன ஆடியில் டெஸ்ட் எடுத்தபோது எச்பிஏ1சி, அதாவது மூன்று மாத சுகரின் சராசரியைக் காட்டும் எண், 6.1, வெறும் வயிற்றில் 109. எச்பிஏ1சி 5.7க்குக் கீழே இருந்தால் நார்மல், 6.5ஐத் தொட்டால் சுகர் என்று கணக்கு. நான் நடுவில் இருக்கிறேன். டாக்டர் பதறவில்லை. "மாத்திரை இப்ப வேண்டாம்மா, ஆறு மாசம் தர்றேன், நடங்க, சாப்பாட்டைப் பாருங்க" என்றார்.

சாப்பாட்டைப் பாருங்க என்றால் எதைப் பார்ப்பது? இட்லியா, சோறா, சாயங்கால டீயோடு நனைத்துத் தின்னும் பிஸ்கட்டா? கேழ்வரகு நல்லது, சாமை நல்லது, வாழைப்பழம் கூடாது, செவ்வாழை பரவாயில்லை என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எனக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை நானே ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற வெறியில்தான் இந்த சென்சாரை வாங்கினேன். என்னைப் போல இரண்டு பக்கமும் சுகர் உள்ள குடும்பத்தில் பிறந்தவர்கள் இதை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள் என்பதால் இத்தனை நீளமாக எழுதுகிறேன். கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை. இந்த வகை சென்சார்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன, நான் சொல்ல வந்தது ஒரு கம்பெனியைப் பற்றியும் அல்ல.

சென்சாருக்குப் போவதற்கு முன் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் என் மனதை முதலில் மாற்றியது அதுதான். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005ல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் என்று ஒன்று உண்டு. ரத்தம் எடுக்க வேண்டாம், நாலே நாலு விஷயம்தான். வயதுக்கு அதிகபட்சம் 30, பெற்றோருக்கு சுகர் இருந்தால் அதிகபட்சம் 20, இடுப்புச் சுற்றளவுக்கு 20, உடலுழைப்பு இல்லாததற்கு 30. மொத்தம் 100. அறுபதோ அதற்கு மேலோ வந்தால் அபாயம் அதிகம். என்னுடையதைப் போட்டுப் பார்த்தேன். வயதுக்கு 20. அப்பா அம்மா இருவருக்கும் இருப்பதால் முழுசாக 20. இடுப்பு 88 செ.மீ., அதற்கு 10. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு பார்க்கிற வேலை, உடற்பயிற்சி கிடையாது, அதற்கு 30. ஆக மொத்தம் 80.

அந்த 80ஐப் பார்த்ததும் முதலில் வயிற்றைக் கலக்கியது. அப்புறம்தான் கணக்குப் பார்க்கிறவள் கண்ணுக்கு இன்னொன்று தெரிந்தது. வயதும் பெற்றோரும் சேர்ந்து 40. அதை யாரும் மாற்ற முடியாது. இடுப்பும் உழைப்பும் சேர்ந்து மீதி 40. அது முழுக்க என் கையில் இருக்கிறது. இத்தனை வருடமாக "ரத்தத்துலயே இருக்கு" என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது பாதிக் கணக்குதான், மறுபாதியை யாருமே எழுதிப் பார்க்கவில்லை.

சரி, பொருளுக்கு வருகிறேன். சென்சாரும், அதோடு டயட்டீஷியனிடம் இரண்டு முறை போனில் பேசுவதும் சேர்த்து 6,500 ரூபாய் கொடுத்தேன். பெட்டிக்குள் ஒரு சின்ன டப்பா. மூடியைத் திறந்து மேல்கையின் பின்பக்கம் வைத்து அழுத்தினால் டப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஐந்து ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளை வில்லை கையில் உட்கார்ந்துவிடுகிறது. அதன் அடியில் தலைமுடி மாதிரி மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் போகிறது. வலிக்குமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கொசு கடித்த அளவுக்குக்கூட இல்லை. ஒரு மணி நேரம் கழித்துப் போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் எண் வருகிறது. அதிலிருந்து 14 நாள், தூங்கும்போதும் குளிக்கும்போதும்கூட, சுகர் ஏறி இறங்குவது கோடாகத் தெரிகிறது.

அம்மா அதைப் பார்த்துவிட்டு, "சுகர் வந்தவ நான் விரலைக் குத்திட்டு இருக்கேன், வராதவளுக்கு எதுக்குடி இது" என்று கேட்டாள். வருவதற்கு முன்னால் பார்ப்பதற்குத்தானே அம்மா இது என்றேன். பதில் பேசவில்லை, ஆனால் அன்றைக்கு ராத்திரி மூன்று முறை என் கையைத் திருப்பிப் பார்த்து "இப்ப எவ்வளவு" என்று கேட்டாள்.

இது நேரடியாக ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் செல்களுக்கு இடையில் இருக்கும் நீரில் உள்ள சர்க்கரையைத்தான் அளக்கிறது. ரத்தத்தில் ஏறியது அங்கே வந்து சேர ஐந்து பத்து நிமிடம் பிந்தும். விரலில் குத்திப் பார்க்கிற எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்காது. முதல் நாள் எண்களை நம்பாதீர்கள், எனக்கு இரண்டாம் நாளிலிருந்துதான் நிதானத்துக்கு வந்தது. மூன்றாம் நாள் ராத்திரி 66 என்று காட்டி போன் அலறியது. எழுந்து அம்மாவின் கருவியில் விரலைக் குத்திப் பார்த்தால் 94. சென்சார் ஒட்டிய கையின் மேலேயே சாய்ந்து தூங்கியிருக்கிறேன், அந்த இடம் அழுந்தினால் எண் தவறாகக் குறைந்து காட்டும். இது தெரியாமல் நடுராத்திரியில் சர்க்கரையைக் கரைத்துக் குடித்தவர்கள் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். பெட்டிக்குள் இருந்த காகிதத்தில் இதைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள், முதல் வரியிலேயே போட்டிருக்க வேண்டும்.

இனி சாப்பாடு. நான் எதிர்பார்த்தது ஒன்று, கோடு காட்டியது வேறு.

எங்கள் வீட்டில் காலையில் நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி. சிறு வயதிலிருந்தே அதுதான். சாப்பிடும் முன் 104. ஐம்பதாவது நிமிடத்தில் 183. திரும்ப நூறுக்குப் பக்கத்தில் வர இரண்டரை மணி நேரம் ஆனது. எண்ணெய் இல்லை, ஆவியில் வேகிறது, நோயாளிக்குக் கொடுக்கிறது என்று இட்லியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அந்தக் கோட்டைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது. மறுநாள் இரண்டு இட்லி, அதற்கு முன்னால் ஒரு கிண்ணம் பீன்ஸ் பொரியல், பருப்பு கெட்டியாகப் போட்ட சாம்பார். 146ல் நின்றது. அதற்கு அடுத்த நாள் வேண்டுமென்றே பழையபடி நாலு இட்லி சாப்பிட்டேன், ஆனால் கை கழுவியதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஸ்ரீரங்கத்தில் இருப்பதால் நடக்க இடம் தேட வேண்டியதில்லை, உத்திர வீதி நாலையும் ஒரு சுற்று சுற்றினால் எனக்கு இருபது நிமிடம் பக்கம் ஆகிறது. அன்றைக்கு உச்சம் 151. அதே இட்லி, அதே சட்னி, அதே வயிறு. வடக்கு உத்திர வீதியில் நின்று போனைக் கையில் வைத்து ஒத்திப் பார்த்தபோது கோடு ஏறுவதை நிறுத்தி வளையத் தொடங்கியிருந்தது. அந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன், கண் கலங்கிவிட்டது. அப்பாவுக்கு இதை யாராவது இப்படிக் காட்டியிருந்தால் என்று தோன்றியது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. வழக்கமாக ரத்தத்தில் உள்ள சர்க்கரை தசைக்குள் போக இன்சுலின் கதவைத் திறக்க வேண்டும். எங்களைப் போன்ற குடும்பங்களில் இன்சுலின் தட்டினாலும் கதவு மெதுவாகத்தான் திறக்கும். ஆனால் தசை வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலே அது தன் கதவைத் தானே திறந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. கெண்டைக்காலும் தொடையும் உடம்பின் பெரிய தசைகள், அதனால்தான் நடை இவ்வளவு வேலை செய்கிறது. பரம்பரையாக வந்த கோளாறு ஒரு வாசலில் என்றால், பக்கத்திலேயே இன்னொரு வாசல் இருக்கிறது.

அடுத்து கேழ்வரகுக் கஞ்சி. சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். அம்மா தினமும் குடிக்கிற கஞ்சி, சுகர்காரர்களுக்கு நல்லது என்று ஊரே சொல்கிற கஞ்சி. மாவை நன்றாகச் சலித்து, கரைத்து, கொழகொழவென்று காய்ச்சி, மோர் கலந்து ஒரு பெரிய டம்ளர். 194. சென்சார் கையில் இருந்த நாட்களில் நான் பார்த்த மிக உயரமான எண் அதுதான். நம்ப முடியாமல் ஒரு நாள் விட்டு மறுபடியும் குடித்துப் பார்த்தேன், 188. அதே கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரை, வெங்காயம் போட்டு அடை தட்டி, கெட்டிச் சட்னியோடு இரண்டு சாப்பிட்டபோது 147. தானியம் கெட்டது இல்லை. மாவாக அரைத்து, சலித்து, கஞ்சியாகக் காய்ச்சும்போது வயிற்றுக்கு வேலையே வைக்காமல் நாமே முக்கால்வாசி செரித்துக் கொடுத்துவிடுகிறோம், மென்று தின்ன வேண்டியது குடிக்கிற பொருளாகிவிடுகிறது. சாமைப் பொங்கலும் அப்படித்தான், பச்சரிசிப் பொங்கலுக்கும் அதற்கும் என் உடம்பில் மூன்று நாலு புள்ளிதான் வித்தியாசம். சிறுதானியம் என்று சொல்லி ரெட்டிப்பு விலைக்கு வாங்கி, அதே அளவு தட்டு நிறையச் சாப்பிட்டால் பெரிய பலன் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. உங்கள் உடம்பு வேறு மாதிரி இருக்கலாம்.

மதியச் சோற்றில் நான் செய்தது இரண்டே மாற்றம். மூன்று குழிக்கரண்டி சோறு ஒன்றரையானது, வரிசை மாறியது. முன்பு சோற்றைப் பிசைந்து தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் பொரியல். இப்போது டிபன் பாக்ஸைத் திறந்ததும் பொரியலும் கூட்டும் முழுதாக, அதற்கு அப்புறம்தான் சாம்பார் சோறு, கடைசியில் மோர். கொத்தவரங்காய், அவரைக்காய், கீரை, புடலங்காய் என்று காய் மட்டும் ஒரு பெரிய டப்பா நிறைய எடுத்துப் போகிறேன். ஆபீசில் முதலில் விசித்திரமாகப் பார்த்தார்கள், இப்போது இரண்டு பேர் அவர்களும் அப்படியே சாப்பிடுகிறார்கள். காய் முன்னால், சோறு பின்னால் என்றால் உச்சம் 140ஐ ஒட்டி நிற்கிறது. சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல். அதற்குக் கோடு அசைந்ததே தெரியவில்லை, பத்துப் பன்னிரண்டு புள்ளி.

இப்போது மைசூர்பாகு. அத்தை பேரன் பிறந்ததற்குக் கொடுத்த ஒரு துண்டை, எவ்வளவு ஏறுகிறது பார்ப்போம் என்று சாப்பிட்டேன். வெறும் 131. அட, இட்லியைவிட மைசூர்பாகு நல்லதா என்று ஒரு நிமிடம் தோன்றியது. இந்த சென்சாரை வாங்குகிறவர்கள் சறுக்கி விழும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். நெய் அதிகமாக இருந்தால் வயிறு மெதுவாகக் காலியாகும், சர்க்கரை மெதுவாக ஏறும், கோடு அழகாகத் தெரியும். ஆனால் அந்த நெய் எங்கே போகிறது, கொழுப்பு என்ன ஆகிறது, ரத்த அழுத்தம் என்ன, இதெல்லாம் இந்த வில்லைக்குத் தெரியாது. என் அப்பாவைக் கொண்டுபோனது சர்க்கரை மட்டும் அல்ல, இதயம். கோட்டைத் தட்டையாக வைக்க வேண்டும் என்று சோற்றைத் தள்ளிவிட்டு வறுவலும் நெய்யும் பன்னீருமாகத் தின்ன ஆரம்பித்தால் ஒரு வாசலை மூடி இன்னொரு வாசலைத் திறந்து வைத்த மாதிரிதான். எங்களைப் போன்ற குடும்பத்தில் பிறந்தவர்கள் கொலஸ்ட்ரால், பிரஷர் இரண்டையும் கூடவே பார்த்துக்கொள்ள வேண்டும்.

தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுரையில் ஒரு கல்யாணம், ராத்திரி பஸ், மொத்தமே மூன்று மணி நேரத் தூக்கம். மறுநாள் காலை எதுவும் சாப்பிடாமலே 121. அன்றைக்கு முழுக்க எதைச் சாப்பிட்டாலும் வழக்கத்தைவிட இருபது புள்ளி மேலே. அதே போல, டம்பெல் தூக்கிப் பயிற்சி செய்தபோது சுகர் குறையும் என்று பார்த்தால் 101லிருந்து 127க்கு ஏறியது. பயந்து டயட்டீஷியனுக்குப் போன் போட்டேன். கடினமாக உழைக்கும்போது உடம்பு தன் கல்லீரலில் இருக்கும் சர்க்கரைக் கையிருப்பை எடுத்து ரத்தத்தில் விடும், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும், அதற்காகப் பயிற்சியை நிறுத்தாதீர்கள் என்றார். சொன்னபடியே இறங்கியது.

டயட்டீஷியன் சேவைக்கு வருகிறேன். முதல் போன் பேச்சுக்குப் பிறகு அனுப்பிய அட்டவணையில் ஓட்ஸ், கினோவா, அவகாடோ, ஆலிவ் எண்ணெய் என்று இருந்தது. எங்கள் தெருக் கடையில் இதில் ஓட்ஸ் மட்டும்தான் கிடைக்கும். என் பெயரை மட்டும் மாற்றிப்போட்டு எல்லோருக்கும் அனுப்புகிற தாள் அது, பார்த்ததுமே தெரிந்தது. இரண்டாவது பேச்சில் வேறொருவர் வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வியே "உங்க வீட்ல யார் சமைக்கிறாங்க, என்னென்ன செய்வீங்க" என்பது. அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டு, எங்கள் சமையலிலேயே எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று சொன்னார். பாசிப்பயறு தோசை, கொள்ளு ரசம், இட்லி மாவில் உளுந்தைக் கூட்டிப்போடுவது எல்லாம் அவர் சொன்னதுதான். முதல் ஆளே அவராக இருந்திருந்தால் கொடுத்த காசுக்கு முழுத் திருப்தி.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டு சரியில்லை. நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் எட்டாம் நாளே ஓரம் பிரிய ஆரம்பித்தது, மருந்துக் கடையில் பிளாஸ்திரி வாங்கி மேலே ஒட்டித்தான் பன்னிரண்டாம் நாள் வரை ஓட்டினேன். பன்னிரண்டாம் நாள் ரவிக்கை மாட்டும்போது கையோடு வந்துவிட்டது. மாற்றுத் தருவதாக விளம்பரத்தில் இருந்தது, கேட்டால் போட்டோ அனுப்பு, பில் அனுப்பு, பெட்டியில் உள்ள எண்ணை அனுப்பு என்று இரண்டு வாரம் அலையவிட்டார்கள், கடைசியில் வரவே இல்லை. அதனால் தலைப்பில் 14 நாள் என்று எழுதினாலும் எனக்குக் கிடைத்தது பதினொன்றே சொச்சம். அப்புறம் ஆப்பில் சாப்பிட்டதைப் பதிவு செய்யும் இடத்தில் பணியாரம் இல்லை, குழிக்கரண்டிக் கணக்கு இல்லை, எல்லாம் கிராமில் கேட்கிறது. சோற்றைத் தராசில் வைத்துச் சாப்பிடுகிற வீடு எது? நான் கடைசியில் பழைய டைரியில் கையாலேயே எழுதினேன்.

இன்னொன்று, மனசு சம்பந்தப்பட்டது. முதல் நாலு நாள் நிமிடத்துக்கு நிமிடம் போனை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வாய் மாம்பழம் சாப்பிட்டுவிட்டு 152 என்றால் ஏதோ குற்றம் செய்த மாதிரி இருந்தது. சுகர் இல்லாதவர்களுக்கும் சாப்பிட்டதும் ஏறி இறங்கும், அது உடம்பின் இயல்பு. சாப்பாட்டைப் பார்த்தாலே பயப்படுகிற சுபாவம் உள்ளவர்கள் இதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். உங்களுக்கு சுகர் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்யவும் இது உதவாது, அதற்கு லேபில் ரத்தம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

சென்சார் கழன்ற பிறகு என்ன ஆனது என்பதுதான் முக்கியம். நான் இரண்டாவது சென்சார் வாங்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது அந்தப் பன்னிரண்டு நாளிலேயே தெரிந்துவிட்டது. காலை, ராத்திரி இரண்டு வேளை சாப்பிட்டதும் உத்திர வீதி ஒரு சுற்று, ஆபீசில் மதியம் மாடிப்படி ஏறி இறங்குவது, வாரம் மூன்று நாள் மொட்டை மாடியில் அரை மணி நேரம் டம்பெல்லும் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும். மழை நாளில் ஹாலிலேயே நடக்கிறேன். எல்லா நாளும் நடந்தேன் என்று சொல்ல மாட்டேன், தீபாவளி வாரம் முழுக்க விட்டுப்போனது, மகளுக்குக் காய்ச்சல் வந்த வாரமும் போனது. விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடங்கினேன்.

ஆறு மாதம் கழித்து எச்பிஏ1சி 5.6. வெறும் வயிற்றில் 96. எடை 66லிருந்து 61 கிலோ. இடுப்பு 88லிருந்து 81. இடுப்புக்கான மதிப்பெண் பூஜ்யமாக பெண்களுக்கு 80க்குக் கீழே வர வேண்டும், இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு முறை பார்த்துவிட்டு, "இப்படியே போங்க, வருஷம் ஒரு தடவை கட்டாயம் பார்க்கணும்" என்றார்.

இது எனக்கு மட்டும் வாய்த்த அதிர்ஷ்டம் என்று நினைக்க வேண்டாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சுகரின் வாசலில் நின்ற 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006ல் வெளிவந்தது. மூன்று வருடத்தில், வழக்கம்போல விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு சுகர் வந்துவிட்டது. நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் சொல்லிக் கொடுக்கப்பட்டவர்களில் அது 39 சதவீதம்தான். அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை, அப்படியும் பலன் கிடைத்தது. எடை இறங்கவில்லையே என்று நடையை நிறுத்துகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வு 2002ல் வந்தது, அங்கே இலக்கு எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும். சுகர் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது, சுகருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையில் 31 சதவீதம். இதில் என் நெஞ்சைத் தொட்டது வேறு. சுகருக்கு வலுவான தொடர்புள்ள டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவின் அபாய வகை அதே ஆய்வில் பங்கெடுத்தவர்களிடம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். தாய் வழி, தந்தை வழி இரண்டிலும் அதைப் பெற்றிருந்தவர்களுக்கு, ஒன்றும் செய்யாவிட்டால் சுகர் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆனால் உடற்பயிற்சியும் சாப்பாடும் மாற்றிய குழுவில் இருந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ரத்தத்தில் இருப்பது என்று சொல்கிறோமே, அதே ரத்தம் உள்ளவர்களுக்குத்தான் இதுவும் நடந்திருக்கிறது. எல்லோருக்கும் தடுத்துவிட முடியும் என்று அந்த ஆய்வுகள் சொல்லவில்லை, 39 சதவீதம் பேருக்கு வந்துதான் இருக்கிறது. எனக்கும் ஒரு நாள் வரலாம். 44ல் வருவதற்குப் பதில் 60ல் வந்தாலும் என் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் பதினாறு வருடம் மிச்சம்.

யார் வாங்கலாம் என்று கேட்டால்: பெற்றோருக்கு சுகர் இருந்து, டெஸ்டில் நடுவில் நிற்கிறவர்கள், அல்லது கர்ப்பத்தில் சுகர் வந்தவர்கள், கையில் காசு இருந்தால் ஒரே ஒரு முறை. காசு இல்லையென்றால் கவலையே வேண்டாம், சாதாரணக் கருவியில் சாப்பிடும் முன் ஒரு குத்து, ஒரு மணி நேரம் கழித்து ஒரு குத்து, இரண்டு மணி நேரத்தில் ஒரு குத்து என்று நாலைந்து சாப்பாட்டுக்குப் பார்த்தால் இதில் முக்கால் பங்கு தெரிந்துவிடும். ஏற்கெனவே மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவர்கள் உங்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த எண்களைப் பார்த்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஐந்துக்கு நான் கொடுப்பது மூன்றரை. ஒட்டுக்கும் மாற்றுத் தராததற்கும் ஒன்று, அந்த முதல் அட்டவணைக்கு அரை குறைத்திருக்கிறேன்.

அம்மா கஞ்சியை விட்டுவிட்டாள். சட்டென்று இல்லை, என் எண்ணைப் பார்த்த பிறகும் பத்து நாள் குடித்தாள், அப்புறம் ஒரு நாள் அவளாகவே அடை தட்டினாள். போன மாதம் ராத்திரி சாப்பாடு முடிந்து நான் செருப்பு மாட்டும்போது "இரு, நானும் வர்றேன்" என்றாள். முழங்கால் வலி இருப்பதால் முழுச் சுற்று முடியாது, கிழக்கு உத்திர வீதி முனை வரை போய், ஒரு திண்ணையில் உட்கார்ந்து, திரும்பி வந்தோம். வீட்டுக்கு வந்ததும் விரலைக் குத்திப் பார்த்தாள். வழக்கமாக ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு 210, 220 இருக்கும். அன்றைக்கு 174. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, என் டைரியை எடுத்து, அவள் பெயரை எழுதி ஒரு புதுப் பக்கம் தொடங்கச் சொன்னாள்.